எழுவாய் இல்லாத வாக்கியம்

தம்பி,

வியாழக்கிழமை நீ வருகிறாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு விமானம். நடுவில் உள்ள நாட்களில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் துணிவு வராது. அதனால் எழுதுகிறேன். உன் அம்மா தானாக நடக்கவில்லை. கோடை விடுமுறையில் நீ வீடியோவில் பார்த்தது என் நடை அல்ல, என் காலில் கட்டியிருந்த இயந்திரத்தின் நடை. அதைக் கழற்றி வைத்துவிட்டால் நான் நாலு எட்டு எடுத்து வைப்பேன். அதுவும், வீட்டோடு இருந்து என்னைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டால்தான். நான் தேறிவிட்டேன் என்று நம்பித்தான் மதுரைக்கு மாற்றல் கேட்டுக் கொடுத்திருந்த மனுவை நீ திரும்பப் பெற்றாய். கனடா வேலைக்குச் சம்மதம் சொன்னாய். அந்த நம்பிக்கையை உனக்குக் கொடுத்தவள் நான். அது பொய்.

இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வலது கையில் கோளாறு ஒன்றும் இல்லை, எழுத்தும் முன்போலத்தான் இருக்கிறது, நீயே பார். இடது கையும் இடது காலும்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. எழுதுவதற்குக் கை இருந்தும் எழுத வராமல் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு வருடம் தமிழாசிரியை. பிள்ளைகள் கட்டுரை எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தால் எனக்குப் பொறுக்காது. இப்போது அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். இதைப் போட்டோ பிடித்து அனுப்பவும் மாட்டேன். பாண்டியம்மா கூரியரில் கொடுப்பாள், நீ தாளில் படி. உன் மனைவிக்கும் படித்துக் காட்டு. வேறு யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைத்தது போதும்.

எனக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. முதல் மூன்று மாதம் நீ சென்னைக்கும் இங்கே நாகமலைக்குமாக அலைந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, காலில் கட்டிக்கொண்டு நடக்கப் பழகும் ரோபோ இயந்திரம் ஒன்று மதுரை கே.கே. நகரில் ஒரு சிகிச்சை மையத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவனும் நீதான். வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் போய் வருகிறேன். எப்படி இருக்கும் என்று நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய். அதற்குள் இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது. இடுப்பைச் சுற்றி ஓர் அகலப் பட்டை, முதுகில் பேட்டரி, தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் இழுத்து ஒட்டுகிற பட்டைகள், பாதத்துக்கு அடியில் ஒரு தகடு. இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார். கட்டி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். சேலையோடு கட்ட முடியாது என்றார்கள். எழுபத்து மூன்று வயதில் பேண்ட் போடுவதாவது என்று முதல் நாள் திரும்பி வந்துவிட்டேன், நினைவிருக்கிறதா? மறுபடி போனபோது உன் அப்பாவின் பைஜாமாவைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் உடுப்பு எனக்குப் பொருந்தியது. அவருடைய காலும் பொருந்தப்போகிறது என்று அன்று தோன்றவில்லை.

எனக்குப் பயிற்சி கொடுப்பவள் பெயர் தமிழரசி. சமயநல்லூர்ப் பக்கம், இரண்டு பிள்ளைகளின் தாய், கெட்டிக்காரி. பெயர்தான் தமிழரசி, பழகிவிடும் என்பதைப் ‘பளகிரும்’ என்றுதான் சொல்லுவாள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை அவள் எழுதிக் கொடுத்த தாளில் ‘தினமும் மூன்று வேலை’ என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் திருத்தி, வேளை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், ல போட்டா என்ன ள போட்டா என்ன, முட்டிய மடக்குனா சரி” என்றாள். “ல போட்டால் மூன்று வேலை செய்ய வேண்டும், ள போட்டால் ஒரே வேலையை மூன்று தடவை செய்ய வேண்டும்” என்றேன். “அப்ப ல தான் கரெக்ட்டு. உங்களுக்குப் பாத்ரூம் போறது, நிக்கிறது, உக்கார்றது, மூணும் வேலதான்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். பக்கவாதம் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை நீ இப்போதே மனதில் வைத்துக்கொள்.

அவள்தான் எனக்கு இயந்திரத்தைப் புரியவைத்தாள். நான் உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, காலை எடுக்க வேண்டும் என்று முயல வேண்டும். அந்த முயற்சியை அது தெரிந்துகொண்டு மீதியைச் செய்துமுடிக்கும். எவ்வளவு மீதி என்பது அவள் கையிலிருக்கும் திரையில் எண்ணாக வரும். “நீங்க ஆரம்பிச்சா அது முடிச்சு வைக்கும் டீச்சர். ஆனா அதுக்கு நடக்கத் தெரிஞ்சு என்ன செய்ய? உங்க காலுக்குத்தான் மறுபடி தெரியணும். தெரியத் தெரிய நான் இதக் கொறச்சுக்கிட்டே வருவேன்” என்றாள். எண்பதில் ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் அறுபதுக்கு வந்தது. அந்த இரண்டு மாதம் நான் உன்னிடம் போனில் எப்படிப் பேசினேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஐம்பத்தைந்துக்குக் குறைத்த அன்று முழங்கால் மடங்கி, மேலே கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டையில் தொங்கினேன். மறுபடி அறுபது. அதற்குப் பிறகு அறுபதுதான். ஏழு மாதமாக அறுபது. எத்தனையோ பேருக்கு அது குறைந்துகொண்டே போயிருக்கிறது, என் கண் முன்னாலேயே இரண்டு பேர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைத்தடியோடு வீட்டுக்குப் போனார்கள். என் கால் கற்றுக்கொள்ளவில்லை. மக்குப் பிள்ளை என்று எந்த மாணவியையும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன். என் இடது காலை அப்படித்தான் தினமும் சொல்கிறேன்.

நடையில் என்ன இருக்கிறது, உயிர் பிழைத்ததே பெரிது என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உனக்கு நான் ஒன்று சொல்லியதில்லை. என் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர் என்று தெரியும். வயலுக்குப் போகும் வழியில் ஒரு தெரு இருந்தது. அந்தத் தெரு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வார், தெரு முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்வார். யாரும் சொல்லிச் செய்தது அல்ல. கால் தானாகச் செய்தது. என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளி விடுதியில் சேர்த்தபோது எனக்கு எட்டு வயது. அங்கே எங்களுக்கு நடை சொல்லிக்கொடுத்தார்கள். தோள் பின்னால், தாடை நேராக, பாதத்தை இழுக்கக் கூடாது. குனிந்து நடந்தால் சிஸ்டர் முதுகில் அளவுகோலை வைத்து நிமிர்த்துவார். முதல் விடுமுறைக்கு வந்தபோது கறுப்பு ஷூவோடு அந்தத் தெருவில் நான் நடந்தேன். அப்பா பத்தடி பின்னால் வந்தார், செருப்பு கையில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தெரு முடிந்ததும் அவர், “எம்புட்டுச் சத்தமா நடக்குற தாயி” என்றார். பயந்து சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து என் காலடிச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வகுப்புக்குள் நான் நுழையும் முன்பே சத்தம் நுழைந்துவிடும். இப்போது கேட்பதெல்லாம் இடது பாதம் தரையில் உரசுகிற சத்தம். இது மன்னிப்புக்கான காரணம் அல்ல, தம்பி. இதுதான் காரணம் என்று மட்டும் சொல்கிறேன்.

வீடியோவில் பேசலாம் என்று நீ சொன்ன அன்றைக்கு வருவோம். கனடாவிலிருந்து உனக்குக் கடிதம் வந்திருந்தது. போவதா, மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வருவதா என்று நீ முடிவெடுக்க வேண்டியிருந்தது. “அம்மா நடக்கிறதை ஒரு தடவை பார்த்திட்டு முடிவு பண்றேன்” என்றாய். மையத்துக்குப் போனதும் நான் தமிழரசியிடம், “இன்றைக்கு மட்டும் எண்ணைக் கூட்டி வை” என்றேன். “கூட்டுனா நீங்க நடக்க மாட்டீங்க டீச்சர். அதுதான் நடக்கும்” என்றாள். “இன்றைக்கு அது நடக்கட்டும். மகன் பார்க்கிறான்” என்றேன். அவளுக்கு என்ன தெரியும்? பிள்ளை மனம் குளிரட்டும் என்று நினைத்தாள். தொண்ணூறில் வைத்தாள். நான் சாய்ந்தேன், கால் போயிற்று. அடுத்த கால் போயிற்று. தோளைப் பின்னால் வைத்துக்கொண்டேன், தாடையை நேராக வைத்துக்கொண்டேன். அவை மட்டும் என்னுடையவை.

நீ தமிழரசியிடம், “எப்படியிருக்கு சிஸ்டர், அம்மாவுக்கு முன்னேற்றம் இருக்கா?” என்று கேட்டாய். அவள் இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை இறுக்கமாக இருக்கிறதா, மோட்டார் தடங்கலில்லாமல் போகிறதா என்று அவள் கண் என் முழங்காலில் இருந்தது. “இன்னைக்கு நல்லா தானா நடக்குது சார்” என்றாள். உனக்கு நினைவிருக்கிறதா? தானா நடக்குது. நீ, “தானாவா? நெசமாவாம்மா?” என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? “கேட்டாய் அல்லவா” என்றேன். இரண்டே சொல். அதில் பொய் இல்லை. நீ கேட்டாய், அது உண்மைதான்.

முப்பத்து நான்கு வருடம் நான் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையில் எழுதிய கேள்வி ஒன்று உண்டு: எழுவாய் எங்கே? உன் நோட்டிலும் எழுதியிருக்கிறேன். செயலைச் சொல்லிவிட்டு, செய்தவரைச் சொல்லாமல் விட்டால் என் பேனா வட்டம் போட்டுவிடும். தோன்றா எழுவாய் என்று இலக்கணம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது, ஆனால் கேட்பவருக்கு யார் என்று தெரிந்தால்தான் அது செல்லும் என்று சொல்லுவேன். தமிழரசி சொன்ன வாக்கியத்தில் எழுவாய் இல்லை. கால் நடக்கிறது என்றாளா, இயந்திரம் நடக்கிறது என்றாளா? எதுவானாலும் அம்மா நடக்கிறார் என்று அவள் சொல்லவில்லை. அப்படியென்றால் நடக்கிறாங்க என்று சொல்லியிருப்பாள். மரியாதை தெரியாதவள் அல்ல. ‘தானா’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒருவர் சொந்த பலத்தில் செய்தாலும் தானா, யாரும் செய்யாமல் நடந்தாலும் தானா. அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்த கணத்திலேயே அதன் குறை எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிழையைப் பார்த்தும் திருத்தாமல் விட்டேன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. வாய் திறந்து பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு பொய்க்கு இன்னொரு பொய் வேலைக்காரியாக வந்தது. ஆவணியில் நீ நேரில் வந்தாய் அல்லவா, நான் வாசல் கதவைத் திறந்துகொண்டு நின்றேன், சேலை கட்டி, நேராக. நீ பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாய். கதவுக்குப் பின்னால் பாண்டியம்மா குந்தியிருந்து என் இடுப்பைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். உன்னைக் கட்டிக்கொண்டபோது நான் நடுங்கியது சந்தோஷத்தில் என்று நினைத்தாய். அவள் கை நடுங்கியது, அவ்வளவுதான். அன்று மாலை வரை முட்டிவலி என்று சொல்லி நாற்காலியை விட்டு எழவில்லை. சாமான் அறையில் போர்வை போர்த்தி ஏதோ இருக்கிறதே என்று கேட்டாய். உன் அப்பா வாங்கிய பழைய தையல் மெஷின் என்றேன். அது சக்கர நாற்காலி. நீ பஸ் ஏறியதும் பாண்டியம்மா அதை வெளியே தள்ளிவந்து, “இம்புட்டு நடிப்பு நடிச்சதுக்குச் சினிமாவுல சேந்திருந்தா எங்கயோ போயிருப்பீங்க டீச்சரம்மா. எனக்கும் ஒரு வேசம் கெடச்சிருக்கும்” என்றாள். அவள் முதுகில் ஒரு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். இது இதைவிடப் பழையது, இதைவிடக் கனமானது. ஒன்பது வருடமாக உள்ளே வைத்திருக்கிறேன். அவருக்கும் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது நீ புனேயில் புது வேலையில் சேர்ந்திருந்தாய். அந்தக் காலத்தில் எங்களுக்கு எந்த இயந்திரமும் தெரியாது. நானே இயந்திரம். அவருடைய வலது பாதத்தில் ஒரு துண்டைக் கட்டி, அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பேன். அவர் எட்டு வைக்க முயலும்போது நான் துண்டை இழுப்பேன், பாதம் முன்னால் வரும். தினமும் காலையும் மாலையும், கூடத்தில், இருபது நடை. பல்கலைக்கழக ஆபீசில் எழுத்தராக இருந்தவர், வாழ்க்கையில் என்னிடம் குரல் உயர்த்தாதவர். காலையில் போய், “எழுந்திருங்க” என்பேன். அவர் கோணிய வாயோடு, “எழுவாய்னு சொல்லு டீச்சர். அப்பத்தான் எழுவேன்” என்பார். எழுவாய் எங்கே, எழுவாய் எங்கே என்று என்னைக் கேலி செய்துகொண்டே எழுவார். நானும், “எழுவாய்” என்பேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. மாதா கோயிலிலிருந்து ஒரு சக்கர நாற்காலி கொடுத்து அனுப்பினார்கள். நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் ஒருமுறை உட்கார்ந்தால் எழ மாட்டார் என்று சொன்னேன். உண்மை அது இல்லை. ஊர் அவரை அதில் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

அவருடைய ஆபீஸ் நண்பர்கள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் படுக்கையில் இருந்தார், அன்றைக்குக் காய்ச்சல், முடியவில்லை என்றார். “படுத்த படுக்கையாகவா பார்ப்பார்கள்? கூடத்துக்கு வாருங்கள்” என்றேன். துண்டு கட்டினேன். அவர்கள் வாசலில் வந்துவிட்ட சத்தம் கேட்டது. துண்டைப் பிடித்துக்கொண்டு நான் போனால் அதையும் பார்ப்பார்களே என்று அதை அவிழ்த்துவிட்டேன். “நாலு எட்டுத்தான், தானாக வந்துவிடுங்கள்” என்றேன். இரண்டாவது எட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு. அதன்பிறகு அவர் எழவே இல்லை. உன்னிடம் பாத்ரூமில் கால் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். நீ அன்று ராத்திரியே ரயில் ஏறி வருவதாகச் சொன்னாய், “வாரேம்மா” என்றாய். புது வேலை, சேர்ந்த புதிதிலேயே லீவு கேட்காதே, அப்பா தேறிவிட்டார், நடக்கிறார் என்றேன். அவர் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். நீ வந்து பார்த்தது மூடிய கண்ணை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “அம்மா, இனிமே எனக்கு மார்க்கைச் சொல்லாதீங்க. விடைத்தாளைக் காட்டுங்க.” நீ அழவில்லை, கத்தவில்லை. ஒன்பது வருடமாக நீ என்னிடம் வேறு எதுவும் கேட்டதும் இல்லை. நான் அதே பிழையை மறுபடி செய்துவிட்டு, அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குத் துண்டை அவிழ்த்துவிட்டேன், எனக்கு எண்ணைக் கூட்டி வைத்தேன். இரண்டும் பார்க்கிறவர்களுக்காக.

சென்ற வாரம் மையத்தில் மறுபடி சோதித்தார்கள். இயந்திரம் இல்லாமல், தரையில் ஒட்டியிருந்த கோட்டின் மேல். நாலு எட்டு. டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். இனி இந்தக் காலில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம், மூட்டு இறுகாமல் இருக்கப் பயிற்சி செய்யலாம், இயந்திரத்தைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது நல்லது என்றார். நியாயமான பேச்சு. தமிழரசி பட்டைகளைக் கழற்றிக்கொண்டே, “அண்ணேகிட்டச் சொல்லிட்டீங்களா? கெளம்பப் போறாரே” என்றாள். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றேன். அவள் கை நின்றது. “அன்னைக்கு நான் சொன்னத அவரு வேற மாதிரி எடுத்துக்கிட்டாரா?” என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “என் தாளுல ஒரு ல தப்புன்னா வட்டம் போட்டுக் குடுத்தீங்க. இம்புட்டுப் பெரிய தப்ப வுட்டுட்டீங்களே டீச்சர். அது என் வாயில வந்த தப்பு. நாளைக்கு ஒண்ணுன்னா அவரு என்னயத்தான நெனைப்பாரு?” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. பைஜாமாவின் மடிப்பை என் கணுக்கால் வரை இழுத்துவிட்டுவிட்டு எழுந்து போனாள். என் முன்னால் நின்று என் பிழைக்கு வட்டம் போட்டவள் அவள் ஒருத்திதான்.

ஆகவே இது விடைத்தாள். எழுபத்து நான்கு வயது, இடது கை கும்பிடக்கூட மேலே வராது, இடது கால் நாலு எட்டு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, எல்லாம் பாண்டியம்மா. அவளுக்கும் வயதாகிறது, மகள் பிரசவத்துக்குத் தை மாதம் ஊருக்குப் போக வேண்டும் என்கிறாள். ராத்திரியில் எழ வேண்டியிருந்தால் அவளைக் கூப்பிடாமல் விடியும்வரை படுத்திருக்கிறேன். ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போய்க் கீழே விழுந்து, அவள் எழுந்து வருகிறவரை தரையில் கிடந்தேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

நீ போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று நான் சொல்லப்போவதில்லை. என் மனம் என்ன கேட்கிறது என்று கேட்டால், போகாதே என்றுதான் கேட்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஆனால் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே. போனால் தெரிந்து போ, இருந்தால் தெரிந்து இரு. போவதாக இருந்தால் உன் மனைவியோடு உட்கார்ந்து எனக்கு என்ன ஏற்பாடு என்று முடிவு செய்யுங்கள். முதியோர் இல்லம் என்றாலும் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்க வேண்டாம். நான் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகிறேன். எனக்காக இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நாளும் என்னைப் பார்க்கும்போது கனடாவைப் பார்க்காதே. அதைவிடப் போய்விடு.

உனக்கும் வயதாகும். ஒருநாள் யாராவது உன் இடுப்பைப் பிடிப்பார்கள். அப்போது கதவுக்குப் பின்னால் அவர்களை ஒளித்து வைக்காதே. தமிழரசி அந்த எண்ணைப் பற்றிச் சொன்னதை அடிக்கடி நினைக்கிறேன். கூட்டி வைத்தால் கால் சோம்பேறி ஆகிவிடும், குறைத்துவிட்டால் விழுந்துவிடும், எவ்வளவு வேண்டும் என்று கட்டியிருப்பவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பாள். உன் அப்பா சொன்னார், முடியவில்லை என்று. நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவே இல்லை. உன் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடு. நான் உனக்கு நிமிர்ந்து நிற்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அப்பா விழுந்ததற்காக நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் கேட்டுக்கொள்வேன். சில நாள் விடியற்காலையில், எழுவாய்னு சொல்லு டீச்சர் என்று அவர் குரல் கேட்பதுபோல் இருக்கும். சொல்லிப் பார்க்கிறேன், எனக்கு நானே. கால் அசைவதில்லை.

வியாழக்கிழமை ரயில் விடியும் முன்பே வந்துவிடும், நீ ஏழு மணிக்குள் வீட்டில் இருப்பாய். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று பாண்டியம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாமான் அறையிலிருந்து அந்த நாற்காலியை எடுத்துத் துடைத்து, கூடத்தில் ஜன்னல் பக்கம் போடச் சொல்லியிருக்கிறேன். பெல் அடித்துவிட்டுக் காத்திராதே, யாரும் வந்து திறக்க மாட்டார்கள். நீயே தள்ளிக்கொண்டு உள்ளே வா. உன் அம்மா அதில் உட்கார்ந்திருப்பாள்.